மூக்கர் சொன்னால் இறங்கலாம்

முதலில் ஒரு டீ சொல்லுங்கள் சார், சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக. இனிப்பு, உப்பு, புளிப்பு, கசப்பு, காரம், சூடு, இவ்வளவும் எனக்குத் தெரியும். அதற்கு மேல் டீக்கும் சர்க்கரை போட்ட வெந்நீருக்கும் எனக்கு வித்தியாசம் கிடையாது. ஒன்பது வருடமாக இப்படித்தான் குடிக்கிறேன். சர்க்கரை கூட இருந்தால் ஏதோ குடித்தோம் என்கிற திருப்தியாவது மிஞ்சும்.

முகத்தைச் சுளிக்கிறீர்கள். என் சட்டையிலிருந்து வருகிறது போல. வேலையிலிருந்து நேராக வந்துவிட்டேன். ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துத்தான் எனக்கு நாற்றமே தெரியும். அதைச் சொல்லத்தான் வந்தேன், ஆனால் அதை மட்டும் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் புரியாது. கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன்.

நம் ஊர்க் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் எனக்கு இருபத்தோரு வருட சர்வீஸ். ஆப்பரேட்டர். நீங்கள் அந்தப் பக்கம் வந்திருக்க மாட்டீர்கள், யாரும் வருவதில்லை. கடற்கரைச் சாலை முடிகிற இடத்தில், மணல்மேட்டுக்குப் பின்னால் இருக்கிறது. ஊரில் யார் குளித்தாலும், கழுவினாலும், பாத்ரூம் போனாலும், அந்தத் தண்ணீர் குழாய் வழியாக எங்கள் கிணற்றுக்கு வந்து சேரும். கிணறு என்றால் குடிநீர்க் கிணறு என்று நினைத்துவிடாதீர்கள். ஐந்து ஆள் ஆழத்துக்குக் கான்கிரீட் குழி, மேலே இரும்பு மூடி, உள்ளே இறங்க இரும்புப் படிகள். அங்கிருந்து பம்ப் மேலே தள்ளும். பிறகு பெரிய தொட்டிகளில் காற்றை ஊதி, நுண்ணுயிர்களை வளர்த்து, அவற்றைத் தின்னவிட்டு, தெளிந்த தண்ணீரைக் கடலுக்கு அனுப்புவோம். ஊர் மறந்துவிட நினைக்கிற சமாசாரத்தை நினைவில் வைத்துக்கொள்வதுதான் எங்கள் உத்தியோகம்.

அங்கே எனக்குப் பெயர் மூக்கர். என் நிஜப் பெயரை வருகைப் பதிவேட்டில் தவிர வேறெங்கும் யாரும் பார்த்ததில்லை. பெயர் சும்மா வரவில்லை. சேர்ந்த புதிதில் எனக்கு அப்படியொரு மூக்கு இருந்தது. தொட்டிக் கரையில் நின்று ஒரு இழுப்பு இழுத்தால் போதும், காற்று பற்றவில்லையா, சேறு அழுகுகிறதா, எல்லாம் சொல்லிவிடுவேன். ஒரு தடவை ஏதோ ஒரு பட்டறைக்காரன் திருட்டுத்தனமாகச் சாக்கடையில் பழைய ஆயில் கொட்டினான். கருவி கண்டுபிடிப்பதற்கு முன்னால் நான் கண்டுபிடித்தேன். தெருத்தெருவாக மூடியைத் திறந்து மோந்து பார்த்துக்கொண்டே போய் அவன் வாசலில் நின்றேன். தலைமை இன்ஜினியர், அவரை நாங்கள் மேடம் என்போம், அன்றைக்கு எல்லோர் முன்னாலும் சொன்னார்: "கருவியெல்லாம் எதுக்கு, நமக்குத்தான் மூக்கர் இருக்காரே." அதற்கப்புறம் எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்தாவதில் இரண்டு முறை கோட்டை விட்டவன் நான். பம்பைக் கழற்றினால் மாட்டத் தெரியாது. கணக்கு வராது. முகவெட்டும் கிடையாது. எனக்கென்று ஊரில் ஒரு மரியாதை இருந்ததென்றால் அது இந்த இரண்டு ஓட்டையால் வந்தது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் பத்து நாள் காய்ச்சல் வந்தது. பதினோராம் நாள் வேலைக்குப் போனேன். கேட்டைத் தாண்டியதும் இடம் மாறி வந்துவிட்டோமோ என்று இருந்தது. சேறு காய்கிற படுகைக்குப் பக்கத்தில் நின்று நெஞ்சு நிறைய இழுத்தேன். ஒன்றுமே இல்லை. சாக்கடையில் வேலை பார்ப்பவனுக்கு இதைவிட வரம் உண்டா என்று நினைப்பீர்கள். நானும் ஒரு நிமிடம் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த நிமிடம் மேடம் வந்தார். "மூக்கர் வந்தாச்சா, அப்பாடா. ரெண்டாம் நம்பர் தொட்டி என்ன சொல்லுது, பாருங்க."

குனிந்தேன். கண்ணை மூடினேன். மூன்று தடவை மோந்தேன், வழக்கம்போல. ஓரக்கண்ணால் பார்த்தால் மேடத்தின் கை கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தது. "காற்று பத்தல மேடம்" என்றேன். காற்றூதும் இயந்திரத்தைக் கூட்டினார்கள். சாயங்காலம் தொட்டி சரியாகிவிட்டது. அவ்வளவுதான் சார், ஒன்பது வருடத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

அதிலும் நான் கெட்டிக்காரன் ஆகிவிட்டேன். நுரையின் நிறம் கறுத்தால் ஒரு பதில், வெளுத்தால் ஒரு பதில். கடற்காகங்கள் கைப்பிடியில் உட்கார்ந்தால் நல்லது, உட்காராமல் சுற்றினால் கெட்டது. பக்கத்து வீட்டில் எலி செத்துக் கிடக்கிறது, கண்டுபிடித்துக் கொடுங்கள் என்று கூப்பிட்டார்கள். ஈ எங்கே போகிறதோ அதன் பின்னாலேயே போனேன். பீரோவுக்கு அடியில் கிடந்தது. அந்த வீட்டு அம்மா, "கடவுள் குடுத்த மூக்கு" என்று நெகிழ்ந்துபோனார். ஈக்கு யாரும் நன்றி சொல்லவில்லை. என் மனைவிக்கும் தெரியாது. பால் பொங்கித் தீய்ந்தால் அவள் மூக்கைச் சுருக்குவாள், நான் உடனே "என்ன, பால் தீயுதா?" என்பேன். அவள், "உங்களுக்கு மூக்கிலயே வேர்த்துடும்" என்பாள். ஒரே வீட்டில் இத்தனை வருடம் ஒரு பெண்ணின் முகத்தை இவ்வளவு கவனமாகப் பார்த்த கணவன் வேறு யாரும் இருக்க மாட்டான். அந்த வகையில் நான் நல்ல கணவன்.

இனி கிணற்று விஷயம். மூன்று நாலு மாதத்துக்கு ஒரு முறை பம்பின் வாயில் துணியும் முடியும் சிக்கி அடைத்துக்கொள்ளும். யாராவது இறங்கித்தான் எடுக்க வேண்டும். கடலோர ஊரில் இன்னொரு தொல்லை உண்டு. அலை ஏறினால் உப்புத் தண்ணீர் பழைய குழாய்களுக்குள் புகுந்துவிடும். உப்பும் சாக்கடையும் கலந்து தேங்கினால் விஷவாயு பெருகும், அழுகின முட்டை நாற்றமாம். அதனால் இறங்குவதற்கு முன் அரை மணி நேரம் ஃபேன் வைத்துக் காற்றடிக்க வேண்டும், வாயு அளக்கிற மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்க வேண்டும், இடுப்பில் கயிறு கட்ட வேண்டும் என்று சுவரில் போர்டு இருக்கிறது. உப்புக் காற்றில் பாதி எழுத்து உதிர்ந்துவிட்டது. மீட்டரும் எங்களிடம் ரொம்ப காலம் இல்லை. அதற்குப் பதில் எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. மூடியைத் திறப்பார்கள். நான் குனிந்து மூன்று இழுப்பு இழுப்பேன். வலது கையைத் தூக்குவேன். "மூக்கர் சொன்னா எறங்கலாம்" என்று யாராவது ஒருவர் சொல்வார், ஆள் இறங்குவான்.

மூக்கு போன பிறகும் அப்படி இருபத்தாறு தடவை கையைத் தூக்கியிருக்கிறேன். இருபத்தாறு பேரும் ஏறி வந்து டீ குடித்தார்கள். ஒரு கட்டத்தில் அது என் திறமை என்றே நம்பிவிட்டேன்.

எங்களுக்குப் பாடம் எடுக்க ஒரு தடவை ஒருவர் வந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, எல்லோரும் மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் கண் சொருகி உட்கார்ந்திருந்தோம். வாயு கொஞ்சமாக இருந்தால்தான் நாறும், அதிகமானால் முதலில் சாவது உங்கள் மூக்குதான், அப்புறம் எதுவுமே நாறாது, அதனால் மூக்கை நம்பாதீர்கள் என்று அவர் சொன்னார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மேடம் சிரித்தபடி, "அது சாதாரண மூக்குக்கு" என்றார். அந்தப் பாடம் பின்னால் எனக்கு ரொம்ப உதவியது.

ஐந்து வருடத்துக்கு முன்னால் என் மச்சினன் எங்கள் நிலையத்துக்கு ஃபிட்டராக வந்தான். மனைவியின் தம்பி. அவளுக்கு அவன்தான் எல்லாம், சின்ன வயதில் இடுப்பில் தூக்கி வளர்த்தவள். படகு இன்ஜின் பட்டறையில் இருந்தவனை நான்தான் மேடத்திடம் சொல்லிச் சேர்த்துவிட்டேன். முப்பத்தைந்து வயசு, கை வைத்தால் எந்த பம்பும் ஓடும். வாய் ஓயாது. வாட்ச்மேன் மேஜை டிராயரில் நண்டு விடுவான், மேடத்தின் குடையைத் தலைகீழாக மாட்டி வைப்பான். எனக்கு அவனைப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன வருடம் ஒரு நாள், அக்காவுக்கென்று வாங்கின சென்ட்டில் பாதியை உடை மாற்றும் அறையில் தொங்கிய என் துண்டில் கொட்டிவிட்டான். நான் துள்ளிக் குதிப்பேன், கத்துவேன், அதைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தான். நான் கை கழுவினேன், அந்தத் துண்டால் முகம், கழுத்து, அக்குள் எல்லாம் துடைத்தேன், சாப்பிட உட்கார்ந்தேன். நாலு வாய் சாப்பிட்டேன். வாட்ச்மேன் உள்ளே வந்து அடுக்கடுக்காகத் தும்மிவிட்டு, "யாருக்குய்யா கல்யாணம்?" என்றார். அப்புறம்தான் நான், "ஆமா, என்ன இப்படி வாசனை" என்றேன். மச்சினன் சோற்றில் கை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று நாள் சோதனை பண்ணினான். என் நாற்காலிக்குக் கீழே பெட்ரோல் நனைத்த துணி. தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் திறந்த பினாயில். நாலாம் நாள் கேட்டான்.

"மாமா, உங்க மூக்கு வேலைக்கு வர்றதே இல்லையா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவன் சிரித்தான். தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். "எத்தனை வருஷமா?" என்றான். எட்டு ஆகியிருந்தது, நாலு என்றேன். "அக்கா மேல சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் மாமா" என்றான். நிலையத்தில் யாரிடமும் சொல்லவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு மேடம் "மூக்கர் என்ன சொல்றார்?" என்று கேட்கும்போதெல்லாம் அவன் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வான். தோள் மட்டும் குலுங்கும். நான் கண்ணை மூடி, மூன்று இழுப்பு இழுத்து, கையைத் தூக்குவேன், பின்னால் அந்தத் தோள் குலுங்கிக்கொண்டிருக்கும். கேலி செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவன் பாசமாகச் சிரித்தான். அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு ஒரு நாள் சிரிப்பு நின்றது. கிணற்று மூடி மேல் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். "நாலு வருஷத்துல நான் ஆறு தடவை எறங்கியிருக்கேன் மாமா. ஆறு தடவையும் நீங்க கையைத் தூக்கினீங்க" என்றான். அன்றைக்கே மேடத்திடம் போய் மீட்டர் வேண்டும் என்று கேட்டான். காரணம் சொல்லவில்லை, சத்தியத்தைக் காப்பாற்றினான். நடையாய் நடந்து வாங்கவும் வைத்துவிட்டான். உள்ளங்கை அளவு மஞ்சள் பெட்டி. வாயு அதிகமானால் கீச்சென்று கத்தும், சிவப்பு விளக்கு எரியும், உதறும், நாமாக அணைக்கிற வரை ஓயாது. மேடம் அதைத் தன் அறை அலமாரியில் பூட்டி, சாவியைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினார். அங்கே மாட்டியிருப்பது எல்லோருக்கும் தெரியும். "மீட்டரும் போடுங்க, மூக்கரையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது.

புதிதாக இரண்டு பேர் வேலைக்கு வருவதாக இருந்தது, ஒரு திங்கட்கிழமை. அவர்களுக்கு நான்தான் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று மேடம் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார். அதில் என் பெயரைக்கூட எழுதவில்லை, 'மூக்கர்' என்றே போட்டிருந்தார். அதை நான் ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் படித்தேன், வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மச்சினன் என்னிடம் வந்தான்.

"மாமா, புதுசா வர்றவங்க உங்க மூக்கை நம்பி எறங்குவாங்க. திங்கக்கிழமைக்குள்ள மேடம்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. இல்லன்னா நான் சொல்லிடுவேன், சத்தியம் போனா போகுது."

அவன் என் தோளில் கை போட்டான்.

"என்ன இப்போ, ரெண்டு நாள் சிரிப்பாங்க. அப்புறம் மறந்துடுவாங்க."

அவன் நல்ல மனசோடுதான் சொன்னான்.

மறுநாள் சனிக்கிழமை. பம்ப் வியாழக்கிழமையே அடைத்து நின்றிருந்தது. அந்த வாரம் அலை ஏற்றம், கிணற்றில் இரண்டு நாள் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. கரண்ட் வேறு இல்லை, ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மேடம் தலைமை அலுவலகத்தில் மீட்டிங். வாட்ச்மேன் கேட்டில் இருந்தார். கிணற்றடியில் நானும் அவனும் மட்டும். காலை பதினொன்று பத்து.

அன்று நடந்ததை முன்பு இதே மேஜையில் உங்களுக்கு முன்னால் இருந்த இன்ஸ்பெக்டரிடம் சொல்லியிருக்கிறேன். கோப்பில் இருக்கும். ஃபேன் கொஞ்ச நேரம் ஓடியது, நான் குனிந்து மோந்தேன், நாற்றம் இல்லை, கையைத் தூக்கினேன், அவன் இறங்கினான். ஏழாவது படி வரை போனான், எட்டாவது படிக்குக் கால் போகவில்லை. இடுப்புக் கயிறு என் கையில் இருந்தது. கத்தினேன், வாட்ச்மேன் ஓடி வந்தார். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம், படியில் சிக்கிக்கொண்டான். வாட்ச்மேன் தானும் இறங்கப் போனார், நான் அவர் காலைப் பிடித்துத் தடுத்தேன். இறங்கியிருந்தால் அவரும் போயிருப்பார். தீயணைப்பு ஆட்கள் வந்து மேலே கொண்டுவந்தபோது மச்சினன் முகம் தூங்குகிற மாதிரி இருந்தது.

விசாரணை அறிக்கையை நான் மனப்பாடமாகச் சொல்வேன். வாயு மிக அதிகமாக இருந்ததால் ஆப்பரேட்டரின் நுகரும் திறன் செயலிழந்திருக்க வேண்டும், எனவே அவர் மீது தவறில்லை. அந்தப் பாட வாத்தியாரே வந்து சாட்சி சொன்னார். இரண்டாவது உயிரிழப்பைச் சமயோசிதமாகத் தடுத்தது பாராட்டுக்குரியது. பதினோராம் பக்கத்தில் ஒரு வரி உண்டு: 'பொதுவாக மிகக் கூர்மையான மோப்பத் திறன் கொண்டவர் என்று அனைவரும் கூறுகின்றனர்.' சார், அரசாங்க முத்திரையோடு வந்த காகிதம். அதை நான் நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

மீட்டர் மேடத்தின் அலமாரியில், உறைக்குள், பூட்டின நிலையில் கிடைத்தது. உயிர் காக்கிற கருவியைப் பூட்டி வைத்தது குற்றம் என்று அவரை சஸ்பெண்ட் செய்தார்கள். சாவி ஆணியில்தான் இருக்கும், எல்லோருக்கும் தெரியும் என்று மேடம் சொன்னார். என்னிடம் கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்றேன். மேடம் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, நான் மறந்துவிட்டேன் போலிருக்கிறது என்று அனுதாபப்பட்டார்.

இதெல்லாம் ஏழு மாதத்துக்கு முன்னால் முடிந்துபோன கதை. இன்றைக்கு நான் ஏன் வந்தேன் என்று கேட்பீர்கள்.

என் மனைவி தம்பியின் கட்டம் போட்ட சட்டை ஒன்றைத் துவைக்காமல் பாலிதீன் பையில் கட்டி வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அதை எடுத்து முகத்தில் வைத்துக்கொள்வாள். ஒரு மாதம் போனதும் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நிஜமாகவே அவன் வாசனையா, இல்லை தன் மனப்பிரமையா என்று. என்னிடம் நீட்டினாள். "நீங்க பாருங்க. உங்களுக்குத்தான் தெரியும். இன்னும் இருக்கா?" நான் வாங்கி, கண்ணை மூடி, மூன்று இழுப்பு இழுத்தேன். "இருக்கு. சோப்பு, கிரீஸ், அவன் தலைக்கு வெக்கிற எண்ணெய்" என்றேன். அவள் அழுதாள், நிம்மதியாக அழுதாள். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு அந்த வேலை. போன வாரம் சோப்பு கொஞ்சம் மங்கிவிட்டது, எண்ணெய் அப்படியே இருக்கிறது என்று விவரமெல்லாம் சேர்த்தேன். எடுத்த வேலையை அரைகுறையாகச் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை.

போன வியாழக்கிழமை அவள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கீழே அடுப்பு அணைந்து, குழாயில் கேஸ் போய்க்கொண்டிருந்திருக்கிறது. நான் சமையலறை மேஜையில் பேப்பர் படித்துக்கொண்டு இருந்தேன். கொசுவர்த்தி கொளுத்தலாம் என்று தீப்பெட்டியை எடுத்தேன். அவள் படியிறங்கி வந்தாள். கையிலிருந்த தீப்பெட்டியைப் பிடுங்கினாள், அடுப்பை மூடினாள், ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தாள். அப்புறம் என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். "சளி பிடிச்சிருக்கு" என்றேன்.

நேற்று ஞாயிறு. பையைப் பிரித்து சட்டையை நீட்டினாள். அதே கட்டம், அதே நீலம். மூன்று இழுப்பு. "எண்ணெய் வாசனை இன்னும் போகல. கழுத்துக்கிட்ட நல்லாவே இருக்கு" என்றேன்.

அவள் அழவில்லை. சட்டையை வாங்கி மடித்தாள், ஓரத்துக்கு ஓரம் சரியாக வைத்து மடித்தாள். "இது நேத்து கடையில வாங்கினது. லேபிளைக் காலையிலதான் கிழிச்சேன்" என்றாள்.

கழுத்துப் பட்டையில் லேபிளின் நூல் இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

"மாமா மூக்கு லீவுல இருக்கு, அக்கான்னு ஒரு தடவை சொல்லிச் சொல்லிச் சிரிச்சான். நான் விளையாட்டுன்னு விட்டுட்டேன். அப்ப அவனுக்குத் தெரியும்."

சட்டையைப் பைக்குள் வைத்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"தெரிஞ்சவன் உங்க மூக்கை நம்பியா எறங்கினான்?"

சார், எத்தனை பேர் கூடி விசாரித்தீர்கள். வாத்தியார் வந்தார், நிபுணர் வந்தார், அறுபது பக்கம் எழுதினீர்கள். இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. என் மனைவி எட்டாவது வரைதான் படித்திருக்கிறாள். நான் ராத்திரி முழுக்க யோசித்தேன், அவளுக்குச் சொல்ல ஒரு பதில் கிடைக்கவில்லை. காலையில் வேலைக்குப் போனேன், தொட்டியைப் பார்த்தேன், புதுப் பையன்கள் இருவருக்கும் நுரை பற்றிச் சொல்லிக்கொடுத்தேன். அப்புறம் இங்கே வந்தேன்.

அவன் என் மூக்கை நம்பவில்லை. அன்றைக்குக் காலையில் சிரித்துக்கொண்டே சொன்னான்: "மூக்கரே, மூக்கு ஓய்வெடுக்கட்டும். மீட்டரை எடுத்துட்டு வாங்க." நான்தான் போய் ஆணியிலிருந்து சாவியை எடுத்து, அலமாரியைத் திறந்து மீட்டரைக் கொண்டுவந்தேன். அவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தான், ஜெனரேட்டருக்கு அந்தப் பக்கம், எனக்கு முதுகைக் காட்டி. நான் மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். பாதி ஆழம் போவதற்குள்ளேயே சிவப்பு எரிந்தது. மேலே இழுத்தேன். கத்திக்கொண்டுதான் வந்தது, ஜெனரேட்டர் சத்தத்தில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. பத்து வந்தாலே இறங்கக் கூடாது, அதில் மூன்று இலக்கம் இருந்தது. சத்தம் குறைத்த போன் மாதிரி உள்ளங்கையில் உதறிக்கொண்டே இருந்தது. அதை பேன்ட் பாக்கெட்டில் போட்டேன்.

"எவ்வளவு மாமா?" என்று கத்தினான்.

அப்போது எனக்குத் திங்கட்கிழமை ஞாபகம் வந்தது. நோட்டீஸ் போர்டும் ஞாபகம் வந்தது. வேறு ஒன்றும் நினைக்கவில்லை, உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

"பூஜ்யம். எறங்கு" என்றேன். வலது கையையும் தூக்கினேன், பழக்கம்.

அவன் என் கையைப் பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான், தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டேதான் இறங்கினான். ஏழு படியும் மீட்டர் என் தொடையில் உதறிக்கொண்டிருந்தது. கயிற்றை இழுக்க எனக்கு நேரம் இருந்தது. முதல் படியில் இருந்தது, மூன்றாவது படியில் இருந்தது, ஆறாவது படியிலும் இருந்தது. ஏழாவதுக்குப் பிறகு எண்ணி முப்பது வரை நின்றேன், அப்புறம்தான் வாட்ச்மேனைக் கூப்பிட்டேன். ஆம்புலன்ஸ் வந்து எல்லோரும் அங்கே சூழ்ந்திருந்தபோது மீட்டரை அணைத்து, உறையில் போட்டு அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை ஆணியில் மாட்டினேன். அது மலிவான வகை, அணைத்துவிட்டால் அளந்ததை நினைவில் வைத்துக்கொள்ளாது. அந்த விஷயத்தில் எனக்கு வாய்த்த நல்ல கூட்டாளி.

என் மச்சினனைக் கொன்றது நான்தான். மேடத்தின் மேல் எந்தத் தப்பும் இல்லை, அவரைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடச் சொல்லுங்கள். அறிக்கையில் என்னைப் பாராட்டியதையெல்லாம் அடித்துவிடுங்கள். மனசாட்சி உறுத்துகிறது சார், பேருக்கும் புகழுக்கும் ஆசைப்படுகிற கட்டத்தையெல்லாம் நான் தாண்டிவிட்டேன். எழுதினதைக் கொடுங்கள், படிக்காமலே கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். ஏதோ குடும்பத் தகராறு, பழைய பகை, அந்த மாதிரி ஒரு காரணம் போட்டுக்கொள்ளுங்கள், எதுவானாலும் ஒத்துக்கொள்கிறேன். மூக்கு விஷயம் இந்த அறையோடு இருக்கட்டும். நிலையத்தில் தெரிந்தால் சிரிப்பார்கள்.